காஜி கொடுக்க வேண்டிய மூன்று லட்சம்

1776 டிசம்பரில் பாட்னாவில் ஷாபாஸ் பேக் கான் என்கிற ஆப்கானியர் காலமானார். படைச் சேவகத்தில் சம்பாதித்து, நிலமானியமும் பெற்று, வசதியாக வாழ்ந்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவி நாதிரா பேகம் இருந்தார். உடன்பிறந்தவரின் மகன் பகதூர் பேக்கும் இருந்தார். கணவர் உயிரோடு இருந்தபோதே எல்லாவற்றையும் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பேகம் பத்திரங்களை எடுத்துக் காட்டினார். தான்தான் சுவீகாரப் பிள்ளை, சொத்து தனக்கே என்றார் பகதூர் பேக். சில வாரங்களிலேயே விவகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாட்னா கவுன்சிலுக்குப் போய்விட்டது.

ஊருக்கு ஊர் நடக்கிற பாகப்பிரிவினைத் தகராறுதான். ஆனாலும் இன்றைக்கு இந்தியாவில் ஒரு முன்சீப்பின் மேலோ, ஜப்திக்கு வந்த அமீனாவின் மேலோ நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாமல் இருப்பதற்கு வேர் தேடிக்கொண்டு போனால், அது அந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

கவுன்சிலில் இருந்தவர்கள் வரிவசூலும் வியாபாரமும் அறிந்த ஆங்கிலேயர்கள். சிவில் வழக்கு விசாரிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. இஸ்லாமிய வாரிசுச் சட்டம் அவர்களுக்குத் தெரியாது. ஊர்க் காஜியையும் இஸ்லாமியச் சட்ட விளக்கம் சொல்லும் இரண்டு முஃப்திகளையும் அழைத்து, சொத்துக்குப் பட்டியல் எடுங்கள், முத்திரை வையுங்கள், சாட்சிகளை விசாரியுங்கள், யாருக்கு எத்தனை பாகம் என்று எழுதிக் கொடுங்கள் என்று மொத்த வேலையையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். காஜியும் முஃப்திகளும் அப்படியே செய்தார்கள். பேகம் காட்டிய பத்திரங்கள் போலி என்று எழுதினார்கள். இஸ்லாமியச் சட்டத்தில் சுவீகாரப் பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது என்பதால் பகதூர் பேக்கின் கோரிக்கையும் நிற்கவில்லை. பிள்ளையில்லாத விதவைக்கு நாலில் ஒரு பங்கு. மீதி மூன்று பங்கு இறந்தவரின் உடன்பிறந்தவருக்கு. அதை அவர் சார்பில் மகன் பகதூர் பேக் பெற்றுக்கொள்வது என்று முடிவானது. கவுன்சிலும் ஒப்புக்கொண்டது.

பங்குக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. பத்திரங்கள் போலிதான் என்றால் குர்ஆன் வகுத்த பாகம் அதுவே. ஆனால் அவை போலியா இல்லையா என்பதை, நீதிபதியாக நியமிக்கப்படாத மூன்று பேர், ஆங்கிலேயர் யாரும் கூட இல்லாமல், தாங்களே முடிவு செய்திருந்தார்கள். பேகம் அந்த நாலில் ஒரு பங்கை ஏற்க மறுத்தார். வீட்டைவிட்டு வெளியேறி, பத்திரங்களோடும் பணிப்பெண்களோடும் ஒரு தர்காவில் போய்த் தங்கினார். அங்கேயும் அவரைச் சுற்றிக் காவல் போட்டார்கள்.

அந்தப் பெண்மணி அடங்கிப் போகவில்லை. கல்கத்தாவில் புதிதாக வந்திருந்த சுப்ரீம் கோர்ட்டில் பகதூர் பேக், காஜி, முஃப்திகள் எல்லோர் மேலும் ஆறு லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி சர் எலைஜா இம்பே. கவுன்சில் சொன்னதைத்தானே செய்தோம் என்றார்கள் காஜி தரப்பினர். கவுன்சிலுக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைக் கவுன்சில் இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது என்றது கோர்ட். காஜிக்கு அதிகாரமே இல்லை என்று ஆகிவிட்டபின், அவர் வைத்த முத்திரை அத்துமீறல். அவர் போட்ட காவல் சட்டவிரோதச் சிறை. 1779 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடு, செலவுத்தொகை தனி.

ஓர் ஊர்க் காஜி ஏழு பிறவி எடுத்தாலும் கட்ட முடியாத தொகை. கட்ட முடியாதவர்களைக் கல்கத்தா சிறைக்குக் கொண்டு போனார்கள். முதியவரான காஜி வழியிலேயே இறந்துபோனார். முஃப்திகள் சிறையில் கிடந்தார்கள். மாகாணம் முழுவதும் உள்ளூர்க் கோர்ட்டுகளில் வேலை பார்த்த காஜிகளுக்கும் பண்டிதர்களுக்கும் கிலி பிடித்துக்கொண்டது. நாளைக்கு யார் எந்தத் தீர்ப்புக்காகக் கல்கத்தாவுக்கு இழுக்கப்படுவார்கள் என்று தெரியாத நிலையில் யார்தான் தீர்ப்பு எழுதுவார்கள்?

விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1781-இல் வந்த சட்டம் சுப்ரீம் கோர்ட்டின் கைகளைக் கட்டியது. உள்ளூர்க் கோர்ட்டுகளில் நீதி வழங்குபவர்மேல், அவர் கொடுத்த தீர்ப்புக்காகவோ உத்தரவுக்காகவோ சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடக்கூடாது என்றது அதன் 24-ஆவது பிரிவு. உத்தரவை நிறைவேற்றியவர்களுக்கும் அதே பாதுகாப்பு. பாட்னா வழக்கில் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கவும் அதே சட்டம் வழி செய்தது.

இந்த வழக்கை எழுதியவர்கள் பெரும்பாலும் இம்பேயின் பக்கமோ கம்பெனியின் பக்கமோ சாய்ந்து எழுதினார்கள். மெக்காலே இம்பேயைக் கடுமையாகத் தாக்கினார். பின்னர் 1885-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இம்பேக்காக வாதாடிப் புத்தகமே எழுதினார். அந்தச் சண்டையில் கண்ணில் படாமல் போனது ஒன்று உண்டு. நாதிரா பேகத்துக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றால், மேலதிகாரி சொன்னதைச் செய்த முதியவரை ஆயுளுக்கும் மீள முடியாத கடனில் தள்ளி நடுவழியில் சாகவிட்டதும் அநீதிதான். முதல் அநீதியைத் துடைக்க இரண்டாவது அநீதியைச் செய்தார்கள். இரண்டாவதைத் தடுக்கச் சட்டம் வந்தபோது, முதலாவது போன்ற அநீதிக்கு ஆளாகிறவர்களுக்கு என்ன வழி என்று அந்தச் சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

தீர்ப்புச் சொன்னவர் தவறினால் அவரைத் தண்டிக்கலாமா என்பது ஒரு கேள்வி. அந்தத் தவறால் இழந்தவருக்கு யார் கொடுப்பது என்பது வேறு கேள்வி. ஆங்கிலச் சட்டம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கும் சேர்த்துச் சொன்னதாக நினைத்துக்கொண்டது. அந்தப் பதில் பிறந்ததோ நீதிமன்ற அனுபவத்தில் மட்டும் அல்ல, இறையியலிலும்தான். 1607-இல் லண்டனின் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில், கொலை வழக்கு ஒன்றை விசாரித்த நீதிபதிமேலேயே சதிக் குற்றம் சாட்டி ஒரு வழக்கு வந்தது. ஃபிளாய்ட் எதிர் பார்க்கர் என்று பெயர். அதைப் பதிவு செய்த எட்வர்ட் கோக் காட்டும் நியாயம் இதுதான்: நீதிபதி அரசருடைய மனசாட்சியின் பிரதிநிதி, அவர் கணக்குக் கொடுக்க வேண்டியது கடவுளுக்கும் அரசருக்கும், வழக்காடி வந்தவருக்கு இல்லை. தோற்றவர்கள் எல்லாம் நீதிபதியைக் கூண்டில் ஏற்றத் தொடங்கினால் வழக்குக்கு முடிவே இருக்காது என்ற நடைமுறைக் காரணமும் உடன் வந்தது. நடைமுறைக் காரணம் இன்றும் வலுவானது. முதல் காரணம் என்ன ஆனது? அரசருடைய இடத்தில் மக்கள் வந்துவிட்டார்கள். கடவுளிடம் கணக்குக் கொடுப்பதைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகமும் இப்போது பேசுவதில்லை. பாதுகாப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

கடவுளிடம் கணக்குக் கொடுப்பதை உண்மையாகவே நம்பிய சமூகங்கள் இதே கேள்வியை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால், அவை இதைவிட நுணுக்கமாக யோசித்திருப்பது தெரிகிறது.

யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ரப்பி தார்ஃபோனின் கதை ஒன்று வருகிறது. கருப்பை நீக்கப்பட்ட ஒரு பசுவைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். அது பிழைக்காத மாடு, சாப்பிடக் கூடாதது என்று தீர்ப்புச் சொன்னார். அதை நாய்களுக்குப் போட்டுவிட்டார்கள். பிறகு விஷயம் யாவ்னே நகரத்து அறிஞர்களிடம் போனபோது, அது சாப்பிடத் தக்கது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து பசுவோ பன்றியோ வெளியூர் போனால் அங்கே குட்டி போட்டுப் பெருகிவிடக் கூடாது என்று கருப்பையை அறுத்துத்தான் அனுப்புவார்கள். அவை நன்றாகத்தான் உயிர் வாழ்கின்றன என்று தியோதோஸ் என்ற வைத்தியர் சாட்சி சொன்னார். தார்ஃபோன் இடிந்துபோனார். நஷ்டம் கட்ட இனித் தன் கழுதை போய்விடும் என்று புலம்பினார். அப்போது ரப்பி அகிவா அவரைத் தேற்றினார்: நீ கோர்ட்டால் ஏற்கப்பட்ட நிபுணன், நிபுணன் கட்ட வேண்டியதில்லை.

பதினெட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பு தொகுக்கப்பட்ட நூல் அது. நீதிபதிக்குப் பாதுகாப்பு என்ற கொள்கை அதில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதன் எல்லையும் தெளிவாக இருக்கிறது. தகுதியும் அங்கீகாரமும் இல்லாமல் தீர்ப்புச் சொல்லித் தவறியவன் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. பாதுகாப்பு நாற்காலிக்கு வரவில்லை, கற்றலுக்கு வருகிறது. அதைவிட முக்கியம், தார்ஃபோனின் முதல் எண்ணம். தான் கொடுக்க வேண்டும் என்றுதான் அவர் எடுத்த எடுப்பில் நினைத்தார். பாதுகாப்பு இருப்பதை இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பத்தியில் ஒரு குறை உண்டு. கழுதை தப்பியது; மாட்டுக்காரருக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சே அங்கு இல்லை.

இந்திய தர்மசாஸ்திரங்கள் வேறு வழியில் போயின. அநீதியான தீர்ப்பின் பாவத்தை மனுஸ்மிருதி நாலாகப் பிரிக்கிறது: கால் பங்கு தவறு செய்தவனுக்கு, கால் பங்கு பொய்ச்சாட்சிக்கு, கால் பங்கு சபையில் உட்கார்ந்த நீதிபதிகளுக்கு, கால் பங்கு அரசனுக்கு. யாக்ஞவல்கிய ஸ்மிருதி பாவத்தோடு விடவில்லை. விருப்பு, பேராசை, பயம் இவற்றால் நெறி தவறித் தீர்ப்புச் சொன்ன ஒவ்வொரு சபையோரும், வழக்குத் தொகையைப் போல் இரண்டு மடங்கு தனித்தனியே தண்டம் கட்ட வேண்டும் என்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் கீழே இறங்கி வருகிறது. வழக்காடியை மிரட்டுகிற, பேசவிடாமல் தடுக்கிற, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிற நீதிபதிக்குத் தண்டம். சொன்னதை எழுதாமலும் சொல்லாததை எழுதியும் வைக்கிற எழுத்தருக்கும் தண்டம். கோர்ட்டில் அநியாயம் நடக்கும் இடங்களில் எழுத்தரின் மேசையும் ஒன்று என்பதை அந்த நூல் அறிந்திருந்தது. இன்றைக்கும் நகல் வாங்க நடையாய் நடக்கிறவர்களுக்கு அது தெரியும்.

இந்த சாஸ்திரங்கள் சாதிக்கு ஒரு நீதி வகுத்தவை. அதை மறந்துவிட்டு அவற்றைப் புகழ முடியாது. ஆனால் நீதிபதியின் தவறில் அரசனுக்குக் கால் பங்கு என்ற கணக்கு யோசிக்க வைக்கிறது. தீர்ப்பு ஒரு தனிமனிதனின் செயலாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. அவனை உட்கார வைத்த அமைப்புக்கும் அதில் பொறுப்பு உண்டு என்ற புரிதல் அதில் இருக்கிறது. குறை என்னவென்றால், இரண்டு மடங்கு தண்டம் கட்டும் நீதிபதியால் வழக்காடிக்கு ஆறுதல் கிடைக்கலாம். இழந்ததைத் திருப்பித் தருவதே முதல் கடமை என்று தண்ட விதி சொல்லவில்லை.

பாட்னா காஜி படித்திருக்கக்கூடிய சட்டத்தில் அந்தக் கடமை சொல்லப்பட்டிருந்தது.

இஸ்லாமிய மரபு நீதிபதியின் வேலையைப் பயத்தோடுதான் பார்த்தது. நபிகளார் சொன்னதாக வரும் ஒரு ஹதீஸில் நீதிபதிகள் மூன்று வகை. உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளிப்பவர் சொர்க்கம் போவார். உண்மையை அறிந்தும் மாற்றித் தீர்ப்பளிப்பவருக்கு நரகம். அறியாமலேயே தீர்ப்பளிப்பவருக்கும் நரகம். அந்த மூன்றாவது வகை முக்கியம். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தெரியாமல் தீர்ப்புச் சொல்லத் துணிந்ததே குற்றம். இன்னொரு ஹதீஸ் இதை ஈடுசெய்கிறது: தகுதியுள்ளவர் முழு முயற்சி எடுத்துத் தீர்ப்பளித்துத் தவறினாலும் அவருக்கு ஒரு நன்மை உண்டு, சரியாக அமைந்தால் இரண்டு. முயற்சி எடுத்தாரா என்பதுதான் இரண்டு ஹதீஸ்களுக்கும் நடுவில் ஓடும் கோடு. இந்தப் பொறுப்புக்கு அஞ்சி ஒதுங்கியவர்களில் இமாம் அபூ ஹனீஃபாவே ஒருவர். கலீஃபா அல் மன்சூர் காஜி பதவியை ஏற்கச் சொன்னபோது மறுத்துச் சிறைப்பட்டார்; 767-இல் பாக்தாதில் மறைந்தார்.

அவர் பெயரால் வழங்கும் ஹனஃபி சட்டம்தான் பாட்னாவிலும் நடப்பில் இருந்தது. நீதிபதி தவறினால் என்ன செய்வது என்பதை ஹனஃபி நூல்கள் பிரித்துப் பார்க்கின்றன. வேண்டுமென்றே அநீதி செய்தாரா? அவர் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். தவறிப்போய்ச் செய்தாரா? வழக்கு இரண்டு மனிதர்களுக்கு இடையிலானது என்றால், தவறான தீர்ப்பால் யாருக்கு லாபம் கிடைத்ததோ அவரே திருப்பித் தர வேண்டும். இறைவனின் உரிமை சார்ந்த தண்டனை தவறாக நிறைவேறியிருந்தால் ஈடு பைத்துல்மாலிலிருந்து, அதாவது பொதுக் கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டும். நீதிபதி தன் சொந்த லாபத்துக்காக வேலை செய்யவில்லை, சமூகத்துக்காகச் செய்தார். ஆகவே பிழையின் சுமையும் சமூகத்தினுடையது என்பது நியாயம்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. கடவுளுக்குச் செய்த தவறைக் கடவுள் மன்னிக்கலாம். சக மனிதனுக்குச் செய்த தவறை அந்த மனிதன் மன்னிக்காதவரை கடவுளிடம் போய் மன்னிப்பு வாங்க முடியாது. நீதிபதியின் மனம் சுத்தமாக இருந்தது என்பது அவருக்கும் இறைவனுக்கும் உள்ள கணக்கைத் தீர்க்கும். வீட்டை இழந்து தர்காவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கணக்கு அதனால் தீராது. அந்தக் கணக்கை யாராவது தீர்த்தே ஆக வேண்டும். இந்த அளவுகோலை 1779-இல் கையில் எடுத்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்திருக்கும்: காஜி வேண்டுமென்று செய்தாரா? இல்லையென்றால் மூன்று பங்கை வாங்கிக்கொண்டவர் திருப்பித் தரட்டும். அவமானத்துக்கும் காவலுக்கும் காஜியை அனுப்பிய கம்பெனி கொடுக்கட்டும். முதியவர் அந்தப் பயணம் போயிருக்க வேண்டியதே இல்லை.

ஆனால் சட்டம் அந்தப் பாதையில் போகவில்லை. 1840-இல், வங்காளத்தில் ஒரு மாஜிஸ்டிரேட் தன் அதிகாரத்துக்கு உட்படாத ஐரோப்பியரைக் கைது செய்த கால்டர் எதிர் ஹால்கெட் வழக்கு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1781 சட்டத்தின் பாதுகாப்பு எங்கே முடிகிறது என்ற சந்தேகத்தை அது கிளப்பிவிட்டது. பத்து வருஷம் கழித்து, 1850-இல், நீதித்துறை அலுவலர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரே பிரிவு கொண்ட சட்டம். நீதிபதி, மாஜிஸ்டிரேட், கலெக்டர், நீதி வழங்கும் வேறு எவர்மேலும், நீதிப் பணியில் செய்த செயலுக்காக சிவில் வழக்குப் போட முடியாது. அதிகார எல்லையைத் தாண்டியிருந்தாலும் சரி, தனக்கு அதிகாரம் உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால் போதும். சட்டப்படியான வாரண்டை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்மேலும் வழக்கு இல்லை. கம்பெனி போனது, ராணி ஆட்சி போனது, சுதந்திரம் வந்தது. அந்த ஒரு பிரிவு இன்னும் அமலில் இருக்கிறது. நீதிபதிகளுக்கு இன்னும் அகலமான பாதுகாப்பைக் கொடுத்து 1985-இல் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது.

அதன் பொருள் என்ன என்பதை ஜப்தி நடக்கும் வீட்டில் பார்க்கலாம். காலையில் அமீனா வாரண்டோடு வருகிறார். வக்கீல் குமாஸ்தா கூட வருகிறார். பூட்டை உடைக்க உத்தரவு இருந்தால் பூட்டுக்காரரும், பந்தோபஸ்துக்குப் போலீசும். அமீனா திண்ணையில் உட்கார்ந்து சாமான்களைப் பட்டியல் எடுக்கிறார். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது: உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகைகள், இவற்றை எடுக்கக் கூடாது. தெருவே வேடிக்கை பார்க்கிறது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜப்திக்கு ஆதாரமான கோர்ட் டிகிரியில் சர்வே நம்பரே தவறு என்று பின்னால் தெரிய வந்தால்? வீட்டை மீட்க மனுப் போடலாம். அதே சட்டத்தின் ஆர்டர் 21 அதற்கு வழி வைத்திருக்கிறது. உடைந்த பூட்டுக்கும், தெரு பார்த்த அவமானத்துக்கும் அமீனாவைக் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது, டிகிரியை எழுதியவர் அவர் இல்லை. எழுதியவரையும் கேட்க முடியாது. அப்படியானால் யாரைக் கேட்பது என்ற இடத்தில் சட்டம் வாயை மூடிக்கொள்கிறது.

பாதுகாப்பே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கீழ்க்கோர்ட் நீதிபதி எவ்வளவு தனியானவர் என்பதை நாடியாத் காட்டியது. குஜராத்தில் உள்ள அந்த ஊரின் தலைமை நீதித்துறை மாஜிஸ்டிரேட், போலீஸ் சம்மன்களைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்று புகார் செய்துகொண்டிருந்தார். 1989 செப்டம்பர் 25 அன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்டார். அடித்தார்கள். வாயில் மதுவை ஊற்றினார்கள். கைவிலங்கு மாட்டி, கயிற்றால் கட்டி, மதுவிலக்கு வழக்குப் போட்டு, அந்தக் கோலத்திலேயே போட்டோவும் எடுக்க வைத்தார்கள். சுப்ரீம் கோர்ட் 1991-இல் சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்றது. இன்ஸ்பெக்டருக்கு ஆறு மாதச் சிறை கொடுத்தது. நீதித்துறை அலுவலரைக் கைது செய்வதற்கு நெறிமுறைகளையும் வகுத்தது. 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் மரணங்களை விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்டிரேட்டை அந்த ஸ்டேஷனிலேயே ஒரு காவலர் இழிவாகப் பேசினார். ஆவணங்கள் தர மறுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறவர்மேல், வசதியுள்ள எவரும் தினமும் ஒரு நஷ்டஈடு வழக்கைப் போட முடியும் என்றால் அவர் எப்படி நிமிர்ந்து உட்காருவார்?

பாதுகாப்பு எல்லை மீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1971-இல் ஒரு தாய், தன் பதினைந்து வயது மகள் மந்த புத்தி உள்ளவள், அவளுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று டிகால்ப் கவுண்டி நீதிபதி ஹரால்ட் ஸ்டம்பிடம் மனுக் கொடுத்தார். அந்தப் பெண்ணோ பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பாஸாகிக்கொண்டிருந்தவள். நீதிபதி கையெழுத்துப் போட்டார். விசாரணை இல்லை, சிறுமிக்காகப் பேச ஒருவர் இல்லை, மனுவுக்கு வழக்கு எண் இல்லை, கோர்ட் அலுவலகத்தில் அது பதிவாகவே இல்லை. குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லித்தான் சிறுமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல் போனபோதுதான் நடந்தது தெரிந்தது. வழக்குப் போட்டார். 1978-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில், அது நீதிச் செயல்தான், நீதிபதிமேல் வழக்கு நிற்காது என்றது. தார்ஃபோனைப் பாதுகாத்த காரணங்களில் ஒன்றுகூட, கற்றலோ முயற்சியோ, அந்தக் கையெழுத்தில் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது.

இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை என்பது ஆறுதல். நீதிபதி செய்ததெல்லாம் நீதிச் செயல் ஆகிவிடாது என்பதை சுப்ரீம் கோர்ட் 1965-இலேயே, அஸ்ஸாமைச் சேர்ந்த அன்வர் உசேன் எதிர் அஜய் குமார் முகர்ஜி வழக்கில் சொல்லிவிட்டது. நிர்வாக அதிகாரியாக ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் மாஜிஸ்டிரேட்டும்தான் என்று 1850 சட்டத்தின் பின்னால் ஒளிய முடியாது. லஞ்சமும் தனி. சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி மேல் வந்த சொத்துக் குவிப்பு வழக்கில், நீதிபதிகளும் பொது ஊழியர்கள்தான், ஊழல் தடுப்புச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 1991-இல் தீர்ப்பானது. வழக்குப் பதியும் முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆனால் இவை எல்லாம் நீதிபதியைப் பற்றிய கேள்விக்கான பதில்கள். இழந்தவரைப் பற்றிய கேள்விக்கு இந்தியாவில் பதில் தொடங்கியது ஒரு பீகார் கைதியிடமிருந்து. ருதுல் சா என்பவர் 1968 ஜூனில் விடுதலை செய்யப்பட்டார். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபரில். 14 வருஷம், விடுதலையான ஒருவர் உள்ளே இருந்தார். 1983-இல் சுப்ரீம் கோர்ட், ஏற்கெனவே கொடுத்த 5,000 போக 30,000 ரூபாய் அரசு கொடுக்க வேண்டும் என்றது. சிவில் வழக்குப் போட்டுவிட்டு வா என்று அவரை அனுப்பிவிட மறுத்தது அந்தத் தீர்ப்பின் பெருமை. எந்த அதிகாரி தவறு செய்தார் என்று கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லவும் இல்லை. முதலில் அரசு கொடுக்கட்டும், அதிகாரிகளிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. ஹனஃபி நூல்களில் இருந்த பைத்துல்மாலின் நியாயத்துக்கு இது வெகு அருகில் வருகிறது.

வந்தும், அது ஒரு கோர்ட்டின் கருணையாகவே நின்றுவிட்டது, சட்டமாக வரவில்லை. 1979-இல் இந்தியா சர்வதேச சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்தபோதே, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு பெறும் உரிமையை ஏற்காமல் ஒதுக்கி வைத்தது. சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில், தவறான வழக்குகளில் சிக்கியவர்களுக்கு அரசு ஈடு கொடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்றது. 2023-இல் குற்றவியல் சட்டங்கள் மொத்தமாக மாற்றி எழுதப்பட்டன. காரணமே இல்லாமல் கைதானவருக்கு, கைதுக்குக் காரணமானவரிடமிருந்து மாஜிஸ்டிரேட் வாங்கித் தரக்கூடிய ஈடு, பழைய சட்டத்தில் இருந்தது போலவே புதிதிலும் அதிகபட்சம் 1,000 ரூபாய்.

வேறு நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன. இத்தாலியில் என்சோ டோர்டோரா என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரை 1983-இல் மாஃபியா ஆள் என்று கைது செய்து, 1985-இல் பத்து வருஷத் தண்டனை கொடுத்து, 1986-இல் நிரபராதி என்று விடுவித்தார்கள். நாடே கொதித்தது. 1987-இல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 80 சதவீதம் பேர் நீதிபதிகளின் பொறுப்பை விரிவாக்க ஆதரவு தெரிவித்தார்கள். மறு வருஷம் வந்த சட்டம் நீதிபதியை வழக்காடியிடம் விட்டுவிடவில்லை. பாதிக்கப்பட்டவர் அரசின் மேல் வழக்குப் போட வேண்டும்; அரசு கொடுத்துவிட்டு, பெரும் அலட்சியமோ கெட்ட எண்ணமோ இருந்தால் நீதிபதியிடம் திரும்ப வசூலிக்கலாம். அலட்சியத்துக்கு வசூலிக்கும் தொகைக்கு வரம்பு உண்டு: முதலில் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, 2015 திருத்தத்துக்குப் பின் பாதி. கெட்ட எண்ணத்துக்கு வரம்பு இல்லை. இதனால் இத்தாலிய நீதிபதிகள் தீர்ப்பெழுத அஞ்சி ஓடிவிடவில்லை.

1850 சட்டத்தை நீக்கச் சொல்வது தவறு. பாட்னா காஜிக்கு நேர்ந்தது இன்னொரு முன்சீப்புக்கு நேர வேண்டியதில்லை. ஆனால் 175 வருஷமாகத் தனியாக நிற்கும் அந்த ஒரே பிரிவுக்குக் கீழே இரண்டாவது பிரிவு எழுத இடம் இருக்கிறது. நீதிமன்றத்தின் தவறான உத்தரவாலோ அதை நிறைவேற்றியதாலோ ஒருவருக்கு இழப்பு நேர்ந்து, மேல்முறையீட்டில் அந்த உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்று ரத்தானால், ரத்து செய்யும் கோர்ட்டே அதே தீர்ப்பில் ஈட்டுத் தொகையை நிர்ணயிக்கட்டும். மாநில அரசு மூன்று மாதத்துக்குள் கட்டட்டும். வேண்டுமென்றே செய்தார் என்று உயர்நீதிமன்ற விசாரணையில் நிரூபணமானால் மட்டும், அந்தத் தொகையை நீதிபதியிடமோ எழுத்தரிடமோ அரசு வசூலித்துக்கொள்ளட்டும். ஜப்தியில் உடைந்த பூட்டுக்கான தொகை சிறியதாகத்தான் இருக்கும். அதையும் அந்தப் பிரிவு விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.